சொந்தமாகப் பத்து வாக்கியம்

போன வாரம் என் மகளின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீட்டுப்பாடம் வந்தது. ‘டேக்’ என்ற ஆங்கிலச் சொல்லை வைத்து ஐந்து வாக்கியங்கள் எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் அந்தச் சொல் வேறு பொருளில் வர வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு இது கொஞ்சம் அதிகம்தான் என்று நினைத்தேன். பிறகு, அப்படி நினைப்பது என் அலுப்போ என்றும் நினைத்தேன். ஏழு மாதப் பையனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவள் எழுதுவதை எட்டிப் பார்த்தேன். நாலாவது வாக்கியம் இப்படி இருந்தது: ‘மை மதர் டேக்ஸ் தி போன் டு தி பாத்ரூம்.’

“இது வேண்டாம் பாப்பா. அழிச்சிடு.”

“ஏம்மா, ஸ்பெல்லிங் தப்பா?”

“தப்பில்ல. ஐ டேக் எ பாத்னு மாத்தி எழுது.”

“அத எல்லாரும்தான் எழுதுவாங்க. நீ போன எடுத்துட்டு பாத்ரூமுக்குப் போறது நெசந்தான?”

நிஜம்தான். என் அம்மாவோடு பத்து நிமிடம் தனியாகப் பேச, பெரம்பலூரில் நாங்கள் குடியிருக்கும் இந்த வாடகை வீட்டில் தாழ்ப்பாள் உள்ள வேறு கதவு இல்லை. ரப்பரை வாங்கி நானே அழித்தேன். வேகமாக அழித்ததில் காகிதம் கொஞ்சம் நைந்துவிட்டது. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, நான் சொன்னதை எழுதி முடித்தாள்.

அன்று முழுவதும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளை கண்ணால் பார்த்ததை எழுதினாள். அதைப் போய் அழித்தோமே, அடுத்த முறை எழுதவே பயப்படுவாளோ என்று ஒரு பக்கம். அழிக்காமல் விட்டிருந்தால் என்று இன்னொரு பக்கம். கணவரிடம் சொன்னேன். “ஒரு ஹோம்வொர்க்குக்கு இவ்ளோ யோசனையா” என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இதே சொல்லை வைத்து நானும் ஒரு முறை வாக்கியம் எழுதி, அதனால் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. என் அம்மாவுக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊர் அரியலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். அப்பா டிப்பர் லாரி ஓட்டினார். சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல்லை ஏற்றி சிமெண்ட் ஆலையில் கொட்டிவிட்டுத் திரும்புவது அவர் வேலை. லாரிகள் போகும் சாலையை ஒட்டியே எங்கள் வீடு. எங்கள் வீட்டுக் கறிவேப்பிலையை இரண்டு தண்ணீர் விட்டு அலசினால்தான் அது பச்சை நிறம் என்று தெரியும். வீட்டில் அப்பா, அம்மா, நான், ஒன்றரை வயதுத் தங்கை. அடுத்த வீட்டில் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா. ஊர்ப் பால்வாடியில் ஆயாவாக இருந்தாள். அவளுடைய மகனும் நானும் ஒரே வகுப்பு.

தகரக் கூரை போட்ட நான்கு அறைகள் கொண்ட ஆங்கிலவழிப் பள்ளி அது. ஆங்கிலம் இருந்ததோ இல்லையோ, டையும் பெல்ட்டும் இருந்தன. ஆங்கில மிஸ் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். படிப்பு முடித்த கையோடு வேலைக்கு வந்தவர். எங்களை நிஜமாகவே ஆங்கிலம் எழுத வைத்துவிடலாம் என்று நம்பிய ஒரே ஆள் அவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை கரும்பலகையில் ‘டேக்’ என்று பெரிதாக எழுதினார்.

“இது வெங்காயம் மாதிரி புள்ளைங்களா. சாம்பார்லயும் கெடக்கும், சட்னியிலயும் கெடக்கும், பிரியாணியிலயும் கெடக்கும். ஒவ்வொண்ணுலயும் ருசி வேற” என்றார்.

பஸ் ஏறுவதும் டேக், ஓய்வெடுப்பதும் டேக், போட்டோ எடுப்பதும் டேக், நேரம் பிடிப்பதும் டேக், மருந்து சாப்பிடுவதும் டேக் என்று வரிசையாகச் சொன்னார். பத்து வாக்கியம் சொந்தமாக எழுதி வர வேண்டும், நோட்ஸைப் பார்த்து எழுதக் கூடாது என்றார். “போன தடவ ஒரு வார்த்த குடுத்தேன். இருவத்தெட்டு பேரும் ஒரே நோட்ஸப் பாத்து எழுதி, இருவத்தெட்டு பேரும் பல்லு வெளக்கிட்டு வந்து நின்னீங்க. இந்தத் தடவ ஒருத்தரும் பல்லு வெளக்கக் கூடாது, குளிக்கக் கூடாது. அவங்கவங்க வூட்ல என்ன நடக்குதோ அத எழுதிட்டு வாங்க.”

அந்த இரண்டு நாட்களும் நான் வீட்டில் சும்மா இருக்கவில்லை. யார் எதை எடுத்தாலும் அது டேக்கா என்று பார்த்தேன். அப்பா டிப்பர் சாவியை ஆணியிலிருந்து எடுத்தார். தங்கை என் பென்சிலை எடுத்து வாயில் வைத்தாள். அத்தை கேட்காமலே எங்கள் மரத்தில் கறிவேப்பிலை ஒடித்தாள். அப்பா சவரம் செய்ய அரை மணி நேரம் எடுத்தார். ஒன்பது வாக்கியம் தேறிவிட்டது. பத்தாவதற்கு நான் அலையவில்லை. அது தினமும் என் கண்ணெதிரில் நடந்துகொண்டிருந்தது.

ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களை ஒதுக்கிய பிறகு, அம்மா சுவரோரம் இருக்கும் வயர்க்கூடையைத் திறப்பாள். தங்கையின் துவைத்த துணிகள் அதில் மடித்து இருக்கும். வீட்டில் வேறு யாரும் கை வைக்காத இடம் அது ஒன்றுதான். துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுப்பாள். மூன்று வரிசை வெள்ளை மாத்திரைகள், கடைசி வரிசை மட்டும் கருஞ்சிவப்பு. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருக்கும். சில நாள் மாத்திரையைப் பிதுக்கும் வேலையை எனக்குத் தருவாள். எப்போது கருஞ்சிவப்பு வரும் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருப்பேன்.

“இது என்னாம்மா?”

“தலவலி மாத்திர. யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத.”

அது என்ன மாத்திரை என்று இதைப் படிக்கிற பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத் தெரிய இன்னும் பத்து வருடம் ஆயிற்று. தங்கை பிறந்தபோது அம்மாவுக்கு நிறைய ரத்தம் போய்விட்டது. அடுத்தது இரண்டு வருடமாவது தள்ளிப்போகட்டும், இப்போது உண்டானால் உடம்பு தாங்காது என்று சொல்லி, கிராம நர்சம்மா மாதாமாதம் அந்த அட்டையை அம்மாவின் கையில் கொடுத்திருக்கிறார். வீட்டில் சொல்ல முடியாது. இரண்டும் பெண். மூன்றாவது எப்போது என்று அத்தை நல்ல நாளிலும் கேட்பாள், கெட்ட நாளிலும் கேட்பாள். அம்மா கூடையின் அடியில் தன் இரண்டு வருடத்தை ஒளித்து வைத்திருந்தாள்.

யாரிடமும் சொல்லாதே என்று அம்மா சொன்னதை நான் மறந்துவிடவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. மறந்து எழுதியிருந்தால் பரவாயில்லை. நான் நினைவு வைத்துக்கொண்டுதான் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதுவது யாரிடமும் சொல்வதாகாது என்று உறுதியாக நம்பினேன். எங்கள் ஊரில் ஆங்கிலத்தில் யாரும் யாருக்கும் எதையும் சொன்னதில்லை. அது பரீட்சையில் எழுத, போர்டில் எழுத, மனப்பாடம் செய்ய. ‘ஐ ஆம் எ டீப்பாட்’ என்று பாடினால் யாரும் என்னைப் பார்த்துத் தேநீர் ஊற்றச் சொல்வதில்லையே.

‘மை மதர் டேக்ஸ் ஒன் டேப்லெட் எவ்ரி டே.’

வீட்டுப்பாடத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அம்மா எட்டாவது வரை படித்தவள். ஆங்கில எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும், சேர்ந்து நின்றால் தெரியாது. பத்து வாக்கியங்களையும் நான் வேகமாக வாசித்துக் காட்டினேன்.

“நீ படிக்கிறப்ப அசல் இங்கிலீசு மாதிரியே இருக்குடி” என்றாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கீழே தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை மிஸ் என் நோட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். வகுப்பிலேயே இரண்டு வாக்கியங்கள்தான் தேறின. ஒரு பையன், எங்கள் ஆடு என் பையிலிருந்து காகிதத்தை எடுக்கிறது என்று எழுதியிருந்தான். மற்றது என்னுடையது. மருந்துக்கு வரும் டேக்கை யாருமே தொடவில்லை, இவள் ஒருத்திதான் தொட்டிருக்கிறாள் என்று பாராட்டினார். இரண்டையும் போர்டில் எழுதினார்.

போர்டில் ஏறிவிட்டால் அப்புறம் அது எழுதியவருக்குச் சொந்தமில்லை. எல்லோரும் நோட்டில் எழுதி, வீட்டில் உரக்கப் படித்து, மறுநாள் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். எங்கள் பள்ளியில் படிப்பு என்றால் அதுதான். சத்தம் கேட்கவில்லை என்றால் பிள்ளை படிக்கவில்லை என்று பெற்றோர்களும் நினைப்பார்கள். அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு எங்கள் தெருவில் ஏழெட்டு வீடுகளிலிருந்து என் வாக்கியம் கேட்டது. மை மதர் டேக்ஸ் ஒன் டேப்லெட். ஊரில் இருக்கிற அம்மாக்கள் எல்லோரும் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று பிள்ளைகள் அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மாக்கள் உள்ளே குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டு, பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று நிம்மதியாக இருந்தார்கள்.

அப்பா டிப்பரை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். “என்னா இது, ஊரே ஒண்ணா கத்துது?”

“நான் எழுதுனதுப்பா. மிஸ் எல்லாரையும் படிக்கச் சொல்லிட்டாங்க.”

அப்பா நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. தூசி படிந்த கையால் என் தலையைத் தடவினார். “எம் மவ எழுதுனத ஊரே படிக்குது” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். அம்மாவும் சிரித்தாள். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே காரணத்துக்காகச் சிரித்த கடைசி நாள் அது என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் அது பொய். அதற்குப் பிறகும் சிரித்திருக்கிறோம்.

அடுத்த வீட்டில் அத்தை மகனும் அதையே கத்திக்கொண்டிருந்தான். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் மதர் என்றால் என்ன, டேப்லெட் என்றால் என்ன என்று தெரியாதவர்கள் எங்கள் ஊரில்கூட இல்லை. அவள் அவனை மடக்கியதை மறுநாள் அவனே என்னிடம் நடித்துக் காட்டினான். “எடுபட்ட பயலே, நான் என்னடா மாத்திர திங்கிறேன்? ஒரு காச்சலுக்குக்கூட கசாயம்தான குடிக்கிறேன்?” என்று அத்தை கேட்டாளாம். “நீ இல்லம்மா. மாமா வூட்டு அத்ததான் திங்கிது. அது மவ எழுதுனது” என்று இவன் சொன்னானாம். இருவரும் சிரித்தோம்.

அன்று சாயங்காலம் அம்மா ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். நான் தங்கையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருந்தேன். அத்தை உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கையில் பால்வாடியில் மிஞ்சிய சத்துமாவு உருண்டை இருந்தது.

“ஒங்கம்மாளுக்கு என்னடி கண்ணு நோவு?”

“தலவலி அத்த.”

“எனக்குந்தான் மண்டையப் பொளக்குது. ரெண்டு நாளா தூக்கமே இல்ல. ஒங்கம்மா மாத்திரையில ஒண்ணு எடுத்துக் குடேன்.”

அத்தையின் நெற்றியில் பற்று போட்டிருந்தது. பாவமாக இருந்தது. அவளிடம் நான் சொல்லவில்லை, அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்தவருக்குக் கொடுப்பதில் என்ன தப்பு என்று நினைத்தேன். வயர்க்கூடையைத் திறந்து, துணிகளுக்கு அடியில் கையை விட்டு அட்டையை எடுத்துக் கொடுத்தேன். “வெள்ளதான் இருக்கு. செவப்பு வர்றதுக்கு இன்னும் நாலு நாள் ஆவும்” என்று விளக்கமும் சொன்னேன்.

அத்தை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நர்சம்மா வந்தால் ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும் பால்வாடியில் வைத்துத்தான். இந்த அட்டையை அத்தை எத்தனையோ பெண்கள் கையில் பார்த்திருப்பாள். மாத்திரை எதையும் பிதுக்கவில்லை. அட்டையை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“வேண்டாங்கண்ணு. இது எந்தலவலிக்குக் கேக்காது. எடுத்த எடத்துலயே வச்சிடு.”

உருண்டையை என் கையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அத்தை எவ்வளவு நல்லவள், ஒரு மாத்திரையைக்கூட வீணாக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும் அத்தை மறுபடி வந்தாள். யாரும் சத்தம் போடவில்லை. சண்டை என்றால் சத்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் அதைச் சண்டை என்று நான் நினைக்கவில்லை. கூடையிலிருந்த அட்டை தரையில் மூவருக்கும் நடுவே கிடந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல” என்றார் அப்பா.

“நர்சம்மாதான் ரெண்டு வருசம் பொறுக்கச் சொன்னாங்க. ஒடம்புல ரத்தமே இல்லைன்னாங்க.”

“ரத்தம் இல்லைன்னா பீட்ரூட்டு வாங்கித் திங்கிறது” என்றாள் அத்தை. “பேரிச்சம்பழம் விக்கிது, முருங்கக்கீர வாசல்லயே நிக்கிது. நர்சம்மாளா வந்து நாளைக்கி கொள்ளி வைக்கப் போவுது? எந்தம்பி ஒத்த ஆளா லாரி ஓட்டிச் சாவுறான். அவனுக்கு ஒரு தொண வேணாமா?”

“நான் வேணாம்னு சொல்லல அண்ணி. கொஞ்சம் பொறுத்துன்னுதான்…”

“பொறுத்துப் பொறுத்துக் கெழவி ஆயிடுவ.”

அப்பா அத்தையின் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கெட்டவரில்லை அவர். இரண்டு பேரும் சொல்வது சரி என்று தோன்றினால், சத்தமாகச் சொல்கிறவர் பக்கம் சாய்ந்துவிடுவார். அவ்வளவுதான். அட்டையை எடுத்துச் சட்டைப் பையில், லோடுச் சீட்டுகளோடு வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்தபோது, அட்டை பையிலேயே இருந்தது. அம்மா கையில் அது இருந்ததை நான் பார்த்தேன். வீட்டில் அப்போது யாரும் இல்லை. அவள் நினைத்திருந்தால் இன்னொரு இடத்தில் ஒளித்திருக்கலாம். நர்சம்மாவிடம் போய் இன்னொன்று வாங்கியிருக்கலாம். அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டின் பக்கத்தில் தரையில் அதை வைத்தாள்.

“பாக்கெட்ல இருந்துச்சுங்க.”

அப்பா அதை எடுத்து, மாற்றிப் போட்டிருந்த சட்டையின் பையில் போட்டுக்கொண்டார். பிறகு நான் அதைப் பார்க்கவில்லை.

ஏன் திருப்பிக் கொடுத்தாள் என்று இப்போதும் யோசிக்கிறேன். என் பெண்ணைப் பெற்ற பிறகு அதிகமாக யோசிக்கிறேன். இரண்டாவது முறை ஒளிப்பதற்குத் தெம்பு இல்லாமல் போயிருக்கலாம். எனக்கு இரண்டாவது பிள்ளை பையனாகப் பிறந்துவிட்டான். அதனால் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெண்ணாக இருந்து, கேட்டிருந்தால், நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. படித்திருக்கிறேன், சட்டம் பேசுவேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நிச்சயமாகத் தெரியவில்லை.

அத்தைக்கு எப்படித் தெரிந்தது என்று அம்மா என்னிடம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. மனப்பாடச் சத்தம் அடங்கி, வகுப்பில் வேறு சொல் வந்துவிட்டது. கூடையிலும் அட்டை இல்லை. அம்மாவுக்குத் தலைவலி குணமாகிவிட்டது என்று நான் முடிவு செய்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. கருஞ்சிவப்பு மாத்திரையைப் பிதுக்க முடியாதே என்பதுதான் ஒரே குறை.

அடுத்த கோடையில் அம்மா வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். ஆடி பிறப்பதற்குள் வயிறு தெரிந்தது. அத்தை பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் சொந்தக் காசில் வாங்கி வந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். பால்வாடி வேலை முடிந்து வந்து எங்கள் வீட்டுத் தண்ணீரையும் அவளே தூக்கினாள். நர்சம்மா வந்து அம்மாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். “நான் சொன்னேன்ல, ரெண்டு வருசம்னு” என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் போல.

தம்பி பிறந்தான். அரியலூரில் முடியாது என்று தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். அம்மாவுக்கு யார் யாருடைய ரத்தமோ ஏறியது. அப்பாவோடு டிப்பர் ஓட்டும் நாலு பேர் லாரியை நிறுத்திவிட்டுப் போய்க் கொடுத்தார்கள். பத்தொன்பது நாள் கழித்து அம்மா திரும்பி வந்தாள். வந்தாள் என்பதுதான் முக்கியம். அதன் பிறகு ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் உட்கார்ந்து எழ வேண்டும். இன்றும் மாடிப்படி ஏறினால் நாலாவது படியில் நின்றுவிடுவாள்.

தம்பி இப்போது திருச்சியில் காலேஜில் படிக்கிறான். வாரம் ஒரு முறை எனக்குப் போன் செய்து, என்ன குழம்பு என்று கேட்பான். என் பையனை அவனைப் போல ஏந்திக்கொள்ள யாருக்கும் தெரியாது. தம்பி சிரிப்பதைப் பார்க்கும்போது, அந்த வாக்கியத்தை நான் எழுதாமல் இருந்திருக்கலாம் என்று நினைக்க முடிவதில்லை. அம்மா படியில் நிற்பதைப் பார்க்கும்போது நினைக்காமல் இருக்க முடிவதில்லை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க நேர்ந்தால் எனக்கு ரொம்ப அலுப்பாகிவிடுகிறது.

அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய மாதத்தைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அந்த மாதம் அம்மா எனக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தாள். சிலிண்டரை எந்தப் பக்கம் திருகினால் கேஸ் நிற்கும். தங்கைக்குத் தலைக்கு ஊற்றும்போது தண்ணீர் காதில் போகாமல் எப்படிப் பிடிப்பது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் வீட்டில் சொல்ல வேண்டும். அப்பாவின் காக்கிச் சட்டையை எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும். எனக்கு நானே இரட்டைச் சடை போடப் பழக்கினாள். வகிடு கோணினால் அவிழ்த்துவிட்டு மறுபடி போடச் சொன்னாள். கை வலிக்கிறது என்றால் விடமாட்டாள். முன்பெல்லாம் அடுப்படிப் பக்கம் வந்தாலே போய்ப் படி என்று விரட்டுகிறவள், இப்போது நோட்டை மூடிவிட்டு வா என்று கூப்பிட்டாள். நான் பெரிய பெண் ஆகிவிட்டேன், அதனால்தான் என்று நினைத்தேன். வகுப்பில் வேறு எந்தப் பெண்ணுக்கும் சிலிண்டரைத் தொட அனுமதி இல்லை. எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

கடைசியாகச் சோறு. அம்மா பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, எதையும் தொடாமல் வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அரிசி களைந்து உலை வைத்து, கஞ்சி வடிக்க முடியாது என்பதால் பொங்கியே இறக்கினேன். தண்ணீர் அதிகமாகிக் குழைந்துவிட்டது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நானே தட்டில் போட்டேன். கரண்டியிலிருந்து அது உருண்டையாக விழுந்தது.

அம்மா ரசம் ஊற்றிப் பிசைந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். தங்கைக்கும் இரண்டு வாய் ஊட்டினாள். அவள் துப்பாமல் விழுங்கினாள். அதை அம்மா உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவிடம் சொன்னாள்.

“பரவால்லங்க. இவ சமாளிச்சுக்குவா.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்பாவும் ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு பாதிக்கு மேல் தட்டில் அப்படியே இருந்தது. எழுந்து போய்க் கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்து உட்காரவே இல்லை.

சோறு குழைந்துவிட்டதால்தான் என்று நினைத்தேன். மறுநாள் தண்ணீரைக் குறைத்து வைத்தேன்.